எறும்புச் சாட்சி

எறும்பைக் கண்டால் எங்கள் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ சர்க்கரை டப்பாவில் கைவைத்திருக்கிறார்கள். ரேஷன் சர்க்கரை மாதக் கடைசிவரை வரவேண்டும். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. கைவைப்பது நானாக இருந்தாலும் பழி அவன் தலையில் விழும்படி பார்த்துக்கொள்வேன். அந்தச் சாமர்த்தியத்துக்கு என்னிடம் குறைவில்லை.

வடக்குத்து என்ற ஊரில் வாடகை வீடு. அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பதினோரு வருஷம் கழித்துப் பெர்மனண்ட் ஆக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் ஜன்னலோரம் யாருக்கு என்று நானும் தம்பியும் அடித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டோம். அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், கேட்காமலே யோசனை சொல்பவர்.

"நாள் பூரா தண்ணி குடிச்சிகினே இருக்கீங்களே மச்சான், கண்டிப்பா சர்க்கரைதான். மூத்திரத்துல தெரிஞ்சிதுன்னா எடுக்க மாட்டாங்க."

திறந்தவெளிச் சுரங்கத்து வெயிலில் நிற்பவர் தண்ணீர் குடிக்காமல் வேறென்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா அரண்டுபோனார். பிள்ளையின் மூத்திரத்தைக் கொடுத்துவிடலாம் என்பது மாமா காட்டிய வழி. நான் முன்வந்தேன். "பொட்டப்புள்ளதுன்னா மிஷினு காட்டிக் குடுத்துடும்" என்று தள்ளிவிட்டார்.

அம்மா வெந்நீரில் கழுவிக் கொடுத்த மருந்துச் சீசாவைத் தம்பி ஒரே மூச்சில் நிரப்பினான். அந்த நாட்களில் அவனுக்கு அதில் பஞ்சமே இல்லை. "அப்பன மாதிரியே தண்ணி குடிக்குது" என்று அம்மா சிரிப்பாள். "அப்பாவ நான்தான் பெர்மனண்ட் ஆக்கப்போறேன்" என்று தெருவில் சொல்ல ஓடியவனை வாயைப் பொத்தி இழுத்துவந்தேன்.

சீசாவை இடுப்பில் செருகிப் போன அப்பா மத்தியானம் திரும்பினார். "சர்க்கரை எக்கச்சக்கமா இருக்குதாம். நாளைக்கு ரத்தம் குடுக்க வரச் சொல்றாங்க."

எல்லோரும் தம்பியைப் பார்த்தோம். "சர்க்கரை துன்னியாடா?" என்றாள் அம்மா. இல்லை என்றான். முந்தின நாள் இரண்டு பிடி அள்ளித் தின்றவள் நான். அம்மா என் பக்கம் திரும்புவதற்குள் முந்திக்கொண்டேன்.

"பின்னாடி போய்ப் பாரும்மா, இவன் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொச்சிகினு கெடக்குது. அங்க வச்சித்தான் துன்னிருக்கான்."

போய்ப் பார்த்தார்கள். எறும்பு இருந்தது. அதுவரை எங்கள் மேல் கைவைக்காத அப்பா அன்று கை ஓயும்வரை அடித்தார். அடி வாங்கி முடித்ததும் தம்பி ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

ரத்தம் கொடுக்க அப்பா போகவில்லை. தன் ரத்தத்திலும் சர்க்கரை இருக்கும் என்ற பயம், குட்டு வெளிப்படும் என்ற பயம். பெர்மனண்ட் கனவு அதோடு போயிற்று. தம்பி எலும்பும் தோலுமானான். அடியில் பயந்துவிட்டான் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வாந்தியெடுத்தான், மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரைதான் இருந்தான். பையனுக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரியாதா என்று டாக்டர் கேட்டார். அப்பாவுக்கு இன்றுவரை சர்க்கரை இல்லை.

பிளஸ் டூ லேபில் நீல நிறக் கரைசல் ஒன்றில் டீக்குப் போடும் சர்க்கரையைப் போட்டுக் காய்ச்சினோம். நீலம் நீலமாகவே இருந்தது. குளுக்கோஸைப் போட்டதும் செங்கல் நிறமாயிற்று. தின்ற சர்க்கரையை உடம்பு குளுக்கோஸாக உடைத்துச் செலவழித்துவிடும், நோயில்லாதவர் எவ்வளவு தின்றாலும் அது மூத்திரத்தில் வராது என்றார் டீச்சர். நான் டெஸ்ட் டியூபைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

எறும்பு எதற்காக வந்தது என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது. அதற்காக என்னை மன்னித்துவிடலாம். ஆனால் டப்பாவைத் திறந்தது நான்தான் என்று தெரியும். அதைச் சொல்லி நான் இரண்டு அடி வாங்கியிருந்தால், தின்னாத பிள்ளையின் மூத்திரத்தில் சர்க்கரை எப்படி வந்தது என்று அந்த வீட்டில் ஒருவராவது கேட்டிருப்பார்கள்.