வளைகாப்புச் சோறு தின்ற செம்மறி

போன வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். லீவ் லெட்டரில் வயிற்றுக் கோளாறு என்று எழுதினேன். பொய்யில்லை... யாருடைய வயிறு என்று மட்டும் எழுதவில்லை.

வெள்ளானூரில் எங்கள் பக்கத்து வீடு கன்னியம்மாவுடையது. கணவர் பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்கைதான். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு செம்மறி, நிறைமாதச் சினை. அது போடும் குட்டிகளை வைத்தே நாலைந்து ஆடாகப் பெருக்கிவிட வேண்டும் என்று கன்னியம்மாவுக்கு ஆசை.

ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு வளைகாப்பு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று வகைவகையாகச் சாதம். மிஞ்சியதை என்ன செய்வது? வேலியோரம் அந்த ஆடு நின்றது. அதுவும் பிள்ளைத்தாச்சிதானே, வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டுமே — அண்டாவையே தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டேன். வளையல் போடாததுதான் பாக்கி.

மறுநாள் காலை ஆடு எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, அசைபோடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. கன்னியம்மாவும் நானும் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றி ஆவடி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்தவுடனே சோறு செய்த வேலை என்றார். புல் தின்கிற வயிற்றில் அவ்வளவு அரிசி போனால் புளித்து விஷமாகிவிடுமாம். தாயும் குட்டியும் பிழைப்பது சந்தேகம்தான் என்று சொல்லி ஊசி போட்டார். யார் போட்ட சோறு என்றும் கேட்டார். தெரியாது என்றாள் கன்னியம்மா. நான் சுவரிலிருந்த கோழி நோய் போஸ்டரை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் வேலை! சோடா உப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரம் ஊற்ற வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். சினை ஆட்டைப் புரட்டியிருக்கிறீர்களா? நெல் மூட்டை தேவலை — அது உதைக்காது. கன்னியம்மா முன்பக்கம், நான் பின்பக்கம். இடுப்பு விட்டுப்போனது. தெருவில் எல்லோரும் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான்காம் நாள் ஆடு எழுந்து நின்று ஒரு வாய் புல் கடித்தது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு குட்டி போட்டது. ஒன்று அசையவே இல்லை. இன்னொன்று தள்ளாடி எழுந்து மடி தேடியது.

செத்த குட்டியைக் கன்னியம்மா சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். அன்பு என்று நாம் அள்ளிப் போடுவதில் பாதி, நம் வீட்டில் மிஞ்சியதுதானே? சோறு வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் நிமிரக்கூட இல்லை.

"தெரியும்ணா. ஆட்டு மூஞ்சில புளிசோத்து வேர்க்கல்ல ஒட்டிக்கினு இருந்துச்சு. இந்தத் தெருவுல வேற யார் ஊட்ல வளைகாப்பு?"

அப்படியென்றால் அன்றைக்கே ஏன் கேட்கவில்லை?

சாக்கை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "கேட்டிருந்தா மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டு ஊட்டுக்குப் பூட்டிருப்பே. ஆட்டை யாரு பொரட்டுறது?"