உம்பாய் படகுத்துறையில் ஒரு மஞ்சள் கட்டம்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். போன ஆண்டு மலாக்கா உம்பாயில், வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. மிஷேல் இன்றும் நியாலாஸில்தான் இருக்கிறாள். கேட்டால் அவளே சொல்வாள். ஆனால் கேட்காதீர்கள்.

மார்வினுக்குப் புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை. ஒரு காலத்தில், விடுமுறை என்றால் கேமராவும் கையுமாகத் திரிந்தவன். மனைவி ஷரோன், சொந்த மாமன் மகள். 'அத்தான், அத்தான்' என்று அவனையே சுற்றி வருவாள். நான்கு வருடங்களுக்கு முன் உம்பாய் படகுத்துறையில் தவறி விழுந்து இறந்துபோனாள். 'தனியாக மீன் வாங்கப் போனாள், நான் வேலையில் இருந்தேன்' என்பதுதான் அவன் எல்லோரிடமும் சொன்னது. அடக்கம் முடிந்த கையோடு கேமராவைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டான். லென்ஸ் மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கேமரா வகையையே கம்பெனி நிறுத்திவிட்டதால் அதை வாங்க ஆளில்லை.

பூசணம் பிடிக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்த லென்ஸை, மார்வினோடு நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் மிஷேல் பார்த்தாள். பாவம், மனசுக்குள் ஆசையைப் பூட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அன்பு இப்படித்தான் தவறாகக் கணக்குப் போடும். அந்த லென்ஸுக்குப் பொருந்தும் கேமராவைத் தேடி, பழைய கேமரா விற்கும் தர்மேந்திரனிடம் போனாள்.

"கம்பெனியே கைகழுவிட்ட செட்டு லா இது. பேட்டரி செத்தா அவ்வளவுதான். வேற எடுங்க சிஸ்டர்."

"அவருக்கு இதுதாண்ணே பிடிக்கும்."

பிறந்தநாள் பரிசைப் பிரித்த மார்வினின் முகம் வெளுத்தது.

"யாரு சொன்னா உன்கிட்ட?"

"யாரும் சொல்லல. பிடிக்கலையா?"

அவன் கேமராவையே பார்த்தான். பிறகு எழுந்து போய், அந்த லென்ஸை எடுத்து வந்து பொருத்தினான். டக்... வீடு திரும்பியதுபோல் உட்கார்ந்தது.

மிஷேல் சோபாவில் அமர்ந்து சிரித்தாள். முகத்தைக் கண்டதும் கேமராத் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் வரும். வந்தது. ஆனால் மிஷேலின் முகத்தில் இல்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில்.

எடுத்த படத்தில் மிஷேல் மங்கலாக இருந்தாள். தோளுக்குப் பின்னால் திரைச்சீலையின் நூல்கூடத் தெளிவாக இருந்தது.

"பழசு லா," என்றான் மார்வின். சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கேமராவைக் கீழேயும் வைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை. திருமண விருந்தில் காட்டப் படம் எடுக்க கிளேபாங் கடற்கரைக்குப் போவதாகத்தான் பேச்சு. கார் மலாக்கா டவுனைத் தாண்டி வேறு பக்கம் ஓடியது.

"மார்வின், இது உம்பாய் ரோடு."

"ம்."

"அங்கே போகவே மாட்டேன்னு சொல்வீங்களே?"

"கூப்பிட்டாங்க," என்றான்.

போய்ச் சேர்ந்தபோது மணி 6.40. கடல் ஏறியிருந்தது. நண்டுக் கடைப் புகை. அவளைக் கரைப் பக்கம் நிறுத்திவிட்டு, கடலுக்கு முதுகு காட்டி நின்றான் மார்வின். படகுத்துறைப் பலகையின் கடல் பக்கக் கோடியில் கைப்பிடி இல்லை.

கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரா?"

பெரிதாக்கிச் சிறிதாக்கும் லென்ஸ் இல்லை அது. சட்டத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டுமென்றால், எடுப்பவன்தான் நகர வேண்டும்.

ஓர் அடி பின்னால் வைத்தான்.

"சரி..." என்றான்.

மிஷேல் ஒன்றும் சொல்லவில்லையே!

இன்னோர் அடி.

"இது போதுமா?"

பலகைக்கு அடியில்... சளப்... சளப்...

"இன்னுமா?" அவன் குரல் அழுதது. கண் கேமராவை விட்டு அகலவில்லை.

கத்த வாய் திறந்தாள் மிஷேல். குரல் வரவில்லை. இடது தோளில் ஏதோ சொட்டியது. ஜில்லென்று... உப்பு வாடை.

"மன்னிச்சிரு..."

ஓர் அடி.

பலகை இல்லை.

மறுநாள் காலையில்தான் உடல் கிடைத்தது. கேமரா மட்டும் பலகை மேலேயே இருந்தது.

அவன் விழுந்த அன்று மாலையே மிஷேலுக்குத் துண்டு போர்த்தி உட்கார வைத்தவர் நண்டுக் கடை அருளம்மாள். அவருடைய குரலில் பயமில்லை, கோபம்.

"நாலு வருஷத்துக்கு முந்தி இதே ஆளு, இதே இடம். அப்ப அந்தப் பொண்ணு கோடில நின்னுச்சு. இவன்தான் கேமராவ வச்சுக்கிட்டு, 'பின்னால போ, இன்னும் கொஞ்சம் போ'ன்னு சொல்லிட்டே இருந்தான். அது விழுந்துச்சு. இவன் காருக்கு ஓடினான். ஆள் கூப்பிடத்தான் ஓடுறான்னு நெனச்சேன். திரும்பி வரவே இல்ல."

மிஷேல் நிமிர்ந்து பார்த்தாள்.

"போலீஸ்ல... சொல்லலியா ஆண்ட்டி?"

"என்னை யாரு கேட்டா? சரி, அவன் செஞ்சது பாவம். நீ எதுக்கும்மா அதையே செஞ்ச?"

"நானா? நான் என்ன செஞ்சேன்?"

"என் காது என்ன செவிடா? 'பின்னால போங்க அத்தான்... இன்னும் கொஞ்சம் பின்னால போங்க அத்தான்'னு நீதானே சொல்லிட்டே இருந்த?"

மிஷேல் அவனை ஒருநாளும் அத்தான் என்று கூப்பிட்டதில்லை.