மேவிஸ் அனுப்பாத பெட்டி

மேவிஸ் கிலிஸ்பி இருபத்திரண்டு வருடம் ஆலையில் ஜீன்ஸ் தைத்தவர். ஆலையை மூடியதும் ஜார்ஜியா மலைக் கணவாயில் நெடுந்தூரம் நடப்பவர்கள் போகும் காட்டுப் பாதையை ஒட்டியிருக்கும் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பதினேழு வருடமாக, வருகிறவர்களின் மூட்டையிலிருந்து அதே ஜீன்ஸை உருவி வெளியே போட்டுக்கொண்டிருக்கிறார். மார்ச் பிறந்தால் தினமும் நாற்பது பேராவது வருவார்கள். எல்லோரும் வடக்கே இரண்டாயிரம் மைலுக்கு மேல், மெய்ன் மாநிலம் வரை நடந்தே தீருவது என்று கிளம்பியவர்கள். நான்காம் நாள் இந்தக் கடையை எட்டும்போதே பாதிப் பேர் முகத்தில் ஈயாடாது.

மேவிஸ் நீட்டி முழக்க மாட்டார். மூட்டையைத் தரையில் கொட்டச் சொல்வார். ஒரு வாளித் தண்ணீரில் பருத்திப் பனியன் ஒன்றையும் மெல்லிய கம்பளிப் பனியன் ஒன்றையும் முக்கி, முறுக்கிப் பிழிந்து, ஒவ்வொன்றாக ஆளின் பிடரியில் வைப்பார். கம்பளி அவ்வளவாகக் குளிராது; பருத்தி பட்டதும் எவ்வளவு பெரிய வீரனும் துள்ளிவிடுவான். அதோடு வாதம் முடிந்தது. நடக்க ஒரு உடுப்பு, அதன்மேல் மழைச்சட்டை, உட்காரும்போது மட்டும் போட்டுக்கொள்ள வாத்தின் தூவி அடைத்த சட்டை, தூங்குவதற்கென்று உலர்ந்த உடுப்பு ஒன்று. வேறெதற்கும் இடமில்லை.

"மூணாவது பேன்ட் எதுக்கு? மேல யாருக்காவது கல்யாணமா?" என்பார். பிறகு குரலை இறக்கி, "தூங்குற துணியைப் போட்டுக்கிட்டு மட்டும் நடக்கக் கூடாது, கண்ணு. காலையில முந்தின நாள் நடந்த ஈரத்துணியைத்தான் திரும்ப மாட்டணும். அழுதுக்கிட்டே மாட்டு, பரவால்ல. ஆனா மாட்டு."

இத்தனை சொல்கிறவர் மலையில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. கடை முதலாளி ராய்ஸ் ஆள் கிடைத்தால் இதைச் சொல்லிச் சிரிப்பார். "பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் இருந்தாத்தான் வைத்தியம் பாக்கணுமா?" என்பதோடு மேவிஸ் விட்டுவிடுவார். துணியைப் பற்றி அந்த மலையில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இது வெறும் புகழ்ச்சி இல்லை.

மார்ச் நடுவில் ஒரு வெயில் வரும். மூன்று நாள் பளீரென்று அடிக்கும். உடனே நடக்கிற கூட்டத்துக்கு ஒரே பைத்தியம் பிடித்துக்கொள்ளும்: குளிர்த்துணியைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பாரம் குறையுமே என்று. அந்த வருடம் அப்படி வந்தவன் டெஸ்மண்ட் புரூயிட். ஒஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன், நாற்பது வயது. அவன் விட்ட குறட்டைக்கு உடன் நடந்தவர்கள் 'ஹாரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மேவிஸக்கா, முட்டி ரெண்டும் போச்சு. இதையெல்லாம் தூக்கிக்கிட்டு இன்னொரு மைல் நடந்தேன்னா என் பேரை மாத்திக்கங்க."

"ஏற்கெனவே மாத்திட்டாங்களே. ஏ ஹாரன், இந்த வெயிலை நம்பாத. ஏப்ரல் முடியட்டும்."

"என் முதுகு, என் மூட்டை. நீங்களா சுமக்கப் போறீங்க?"

தூவிச் சட்டை, கம்பளி உள்ளாடை, கையுறை மூன்றையும் பெட்டியில் திணித்து ஒட்டினான். சாயங்காலம் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவதாக மேவிஸ் சொன்னார். அவன் கிளம்பியதும் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே தள்ளி வைத்தார்.

மூன்றாம் நாள் காலை மழை பிடித்தது. பத்து மணிக்குள் அது பனிக்கட்டியாகக் கொட்ட ஆரம்பித்தது. மேவிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டார். முட்டி வலிக்காரன், ஒரு நாளைக்கு எட்டு மைல்தான் நடப்பான். அடுத்த சாலைக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு மரக்கொட்டகை இருக்கிறது. இருந்தால் அங்கேதான் இருப்பான். ஃபிளாஸ்கில் சூடான கோக்கோவை நிரப்பிக்கொண்டு பெட்டியைக் கையில் எடுத்தார்.

"கடையை யார் பாக்கறது?" என்றார் ராய்ஸ்.

"கடை உன்னுதுதானே?"

காரைச் சாலையில் நிறுத்தி, ஐம்பத்தெட்டு வயதில், வழுக்குகிற பாறைமேல் இரண்டு மைல் ஏறினார் அந்த மனுஷி. கொட்டகையில் டெஸ்மண்ட் ஒருவன்தான். மூட்டையை முதுகிலிருந்து கழற்றாமலே சுவரில் சாய்ந்திருந்தான். வாரின் கொக்கியைத் திறக்க விரல்கள் வேலை செய்யவில்லை. குளிர் தாங்காமல் தூங்குகிற உடுப்பையும் எடுத்து மாட்டிக்கொண்டு மழையில் நடந்திருக்கிறான். உலர்ந்த நூல் ஒன்றுகூட அவன் உடம்பில் இல்லை. உடம்பு தோற்றுப்போனால்தான் நிற்கும் அந்த நடுக்கமும் நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் மேவிஸுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"பஸ்ஸை எடுக்கணும்… பசங்க நிக்கிறாங்க" என்று குழறினான்.

"எடுக்கலாம், எடுக்கலாம். கையைத் தூக்கு."

வெட்கத்துக்கெல்லாம் நேரமில்லை. ஈரத்தை முழுக்க உரித்து, பெட்டியைக் கிழித்து, கம்பளியையும் தூவிச் சட்டையையும் கையுறையையும் போட்டுவிட்டார். தன் தொப்பியை அவன் தலையில் இழுத்துவிட்டார். அவன் மூட்டையிலிருந்த தூக்கப்பைக்குள் அவனை நுழைத்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கோக்கோவை வாய் வாயாகக் கொடுத்தார். அரை மணி நேரம் கழித்துப் பற்கள் கிடுகிடுக்க அவன் நடுங்க ஆரம்பித்தான்.

"நடுங்கு. நல்லா நடுங்கு ராசா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் டெஸ்மண்டுக்குப் பேச்சுத் தெளிந்தது. சட்டையைத் தடவிப் பார்த்தான். "இது என்னோடது. அனுப்பறேன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

மேவிஸ் ஃபிளாஸ்கை மூடினார். "முன்ன ஒரு பொண்ணு பெட்டி குடுத்தா. இதே மாதிரி வெயில் நாள். சொன்ன சொல்லு தவறாம அன்னிக்கே தபால்ல போட்டேன். நாலாம் நாள் அவங்கம்மா கடைக்கு ஃபோன் பண்ணினாங்க. 'துணியெல்லாம் தொவைச்சு மடிச்சு வச்சிருக்கேன், இங்க டிவில பனின்னு சொல்றான், அவ இப்ப எந்த ஊருல இருப்பா, எங்க அனுப்பட்டும்'னு கேட்டாங்க. அப்பத்தான் அவளை மலையில இருந்து இறக்கி வச்சிருந்தாங்க. அம்மாக்கு இன்னும் யாரும் சொல்லலை."

டெஸ்மண்ட் கையுறை போட்ட கையை வெளியே எடுத்து, மேவிஸின் நனைந்த தோளில் தூக்கப்பையின் ஒரு ஓரத்தை இழுத்துப் போர்த்தினான்.