சந்தனம் மணத்த வான்

ஓய்வுபெறும் வரை நான் அளவை நிறுவைப் பரிசோதகர். கடை கடையாகப் போய்த் தராசுத் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் தொழில். தட்டின் அடியில் புளியை உருட்டி ஒட்டியிருப்பார்கள். சிலர் காந்தம் வைத்திருப்பார்கள். அதிகம் கும்பிடு போடுகிற முதலாளியின் தட்டைத்தான் முதலில் தூக்குவேன். அந்தப் புத்தி ஓய்வூதியத்தோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் ஊற்றுகிற பாலைக்கூட நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதாக மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவள். முப்பது வருடம் கரும்பலகையில் பூநாரை கீறிக் காட்டினாள். நேரில் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. பருவத்துக்குப் பூநாரைகள் வந்திறங்கும் சுண்டிக்குளம் ஒன்றும் சீமையில் இல்லை. எங்கள் தெல்லிப்பழை வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். முதலில் யுத்தம், பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு அவளுடைய சீனி வருத்தம் என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று. சீனி வலக்கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இடக்கண்ணிலும் பனிப்புகார் போல மூடத் தொடங்கிவிட்டது, போனது திரும்பாது என்று டொக்டர் கையை விரித்தார். வீட்டுக்கு வந்து அவள் ஒன்றுதான் சொன்னாள்.

“ஒரு கண் மிச்சமிருக்கேக்கை பூநாரையை ஒருக்காப் பாத்திடோணும்.”

அவளால் அரை மணித்தியாலத்துக்கு மேல் குந்தியிருக்க முடியாது. கால் நீட்டிப் படுக்க வேண்டும், அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டும். வாடகை வான்காரர்கள் கடைசித் தூரம் மணல் பாதை என்றதுமே போனை வைத்துவிட்டார்கள். ஆகவே, உள்ளே படுக்கையும் கழிப்பறையும் வைத்துத் திருத்திய, நாலு சில்லும் இழுக்கிற பழைய வான் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தேன். கனடாவிலிருக்கும் பிள்ளைகள் எனக்கு விசர் என்றார்கள்.

அந்த வருடப் பறவைக் காலம் முழுவதும் வான் பார்ப்பதிலேயே போயிற்று. ஒருவன் மீற்றரில் ஓடிய தூரத்தைக் குறைத்துவிட்டான் என்று பட்டது. இன்னொருவன் காரணமில்லாமல் சிரித்தான். அதற்காகவே எழும்பி வந்துவிட்டேன். துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தேன். அது ஒட்டாத இடமெல்லாம் துரு தின்று பசை அடைத்த இடம். நாளைக்கு ஏதும் வில்லங்கம் வந்தால் ஆளைப் பிடிக்க வேண்டுமே என்று, விற்க வந்த எல்லாருடைய தொலைபேசி இலக்கத்தையும் குறித்து வைத்தேன்.

கடைசியில் இரண்டு வான்கள் மிஞ்சின. பருத்தித்துறையில் நின்றது மீன் ஏற்றுகிற வான். பலகைப் படுக்கை இருந்தது. கழிப்பறையும் பொருத்தித் தருவதாகச் சொந்தக்காரர் சொன்னார். சாக்கை விரித்து அதன் அடியில் அரை மணித்தியாலம் கிடந்தேன். அங்கங்கே கொஞ்சம் துரு, மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரை மணலில் இறக்கி ஏற்றியும் காட்டினார். ஆனால் கதவைத் திறந்தால் மீன் மணம். எங்கள் வீட்டில் முட்டைகூடப் படியேறியதில்லை. கழுவினால் போய்விடும் என்றார் அவர். எவ்வளவு கழுவினாலும் அது அங்கேதான் இருக்கும் என்று நான் நினைத்தேன். மனைவியிடம், அடித்தகடு முழுக்கத் துரு என்று சொல்லிவிட்டேன்.

மானிப்பாய் வானில் சந்தனம் மணத்தது. முன்னால் சின்னப் பிள்ளையார், உள்ளே மெத்தை, கைகழுவும் தொட்டி, மூடி போட்ட கழிப்பறை. விற்றவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

“நாங்களும் சைவம்தான் ஐயா. உதுக்குள்ளை மச்ச மாமிசம் ஏறினதில்லை.”

காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. லீவரைத் தட்டியதும் நாலு சில்லும் இழுக்கிறது என்று காட்டுகிற பச்சை லைற் எரிந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நான் வெள்ளை வேட்டியில் நின்றேன். அடியில் புகவில்லை. நேரே கோயிலுக்கு ஓட்டிப்போய், நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த பறவைக் காலம் தொடங்கியதும் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். தார் வீதி முடிந்து கொஞ்சத் தூரத்தில் வான் மணலில் புதைந்து இருந்துவிட்டது. லீவரைத் தட்டினேன். பச்சை லைற் அழகாக எரிந்தது. பின்சில்லுகள் மணலை வாரி இறைத்தன, முன்சில்லுகள் அசையவேயில்லை. இரண்டு மணித்தியாலம் மண் கிண்டினேன். பொழுது சாயத் தொடங்கியது. உள்ளே படுத்திருந்தவள் கேட்டாள்.

“வெளிச்சம் குறையுதோ, இல்லாட்டி என்ரை கண்ணோ?”

மண் கிண்டுவதை விட்டுப் போனை எடுத்தேன். குறித்து வைத்த இலக்கங்களைப் பார்த்தேன். அந்த மணலுக்கு வரக்கூடியவர் ஒருவர்தான். பருத்தித்துறைக்காரர் நல்ல காலத்துக்குக் கரைவலை மீன் ஏற்றப் பக்கத்துக் கட்டைக்காட்டில் நின்றார். வந்து சிரிக்கப் போகிறார், அநியாயக் கூலி கேட்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே காத்திருந்தேன். அவர் வந்தார், இரண்டும் செய்யவில்லை. சாக்கும் விரிக்காமல் என் வானின் அடியில் புகுந்தார்.

“ஐயா, முன்சில்லுக்குப் போற தண்டே இல்லை. ஆரோ கழட்டிப்போட்டு லைற்றை மட்டும் விட்டிருக்கினம்.”

நானும் புகுந்து பார்த்தேன். தண்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆயிரம் தட்டைக் கவிழ்த்த எனக்கு வெட்கத்தில் வெளியே வர மனமில்லை. அவரோ, வானைப் பிறகு இழுக்கலாம், இருட்ட முன்னம் அம்மாவைக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று அவசரப்படுத்தினார். நான் யோசிப்பதற்குள் அவள் தடவித் தடவி மீன் வானின் முன்னிருக்கையில் ஏறிவிட்டாள். எனக்குக் கிடைத்த இடம் பின்னால், மீன் பெட்டியின் மேலே.

மீன் வான் மணலில் நின்று யோசிக்காமல் ஓடியது.

“நல்லாத்தானே ஓடுது. துரு எண்டெல்லோ சொன்னனீங்கள்?” என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

மீன் மணத்துக்காகத்தான் வேண்டாமென்றேன் என்று ஒப்புக்கொண்டேன்.

“முப்பது வருஷம் தவளை வெட்டினனான். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

போன வருடம் அவளுடைய இடக்கண் இதைவிட நன்றாகத் தெரிந்தது. அதை அவள் சொல்லவில்லை.

நீரேரிக் கரையில் இறங்கினோம். அவள் கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். தூரத்தில் ரோசாவாக ஒரு கோடு தெரிகிறது, அதுதானா என்று கேட்டாள். அதுதான் என்றேன். எத்தனை நிற்கிறது என்றாள். எண்ணினேன். நடுவில் நின்ற வெள்ளைகள் கொக்கோ என்று சந்தேகம் வந்தது. விட்டுவிட்டுத் திரும்ப எண்ணினேன். நூற்றுப் பதினாறு என்றேன். அதைவிடக் கூட இருக்கும் என்றார் மீன்காரர்.

“இல்லைத் தம்பி, இவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

துரு என்று நான் சொன்னபோதும் அவள் இப்படித்தான் நம்பியிருந்தாள்.