நான் திருத்தாமல் விட்ட ‘டீக்கன்’

சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் உட்கார்ந்திருப்பது அதைவிட வெட்கம்.

போன ஐப்பசி மழையில் முக்கூடலில் இருக்கும் என் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தார். “எங்க கையில ஒண்ணுமில்ல” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆண்டவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தப்புச் செய்ததே அந்த வாய்தான்.

நான் மார்மன் சபையில் சேர்ந்ததிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எங்கள் பரம்பரைச் சபையில் டீக்கன் என்றால் இறையியல் படித்து, அடுத்து ஐயர், அதாவது சபைப் போதகர், ஆகப் போகிறவர். நம் சபையிலோ பன்னிரண்டு வயதுப் பையன்கள் டீக்கன்கள். திருவிருந்தில் ஆசீர்வதித்த அப்பத்தையும் தண்ணீரையும் தட்டில் ஏந்தி வரிசையாகக் கொடுப்பது அவர்கள் வேலை. ஆசீர்வதிக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. என் மகன் சாம் டீக்கன் ஆனதும் மதினிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “இந்த வயசுலயா? அப்ப விசேஷ அபிஷேகம்தான்” என்று பூரித்து, ஊரெல்லாம் சொன்னார். நான் திருத்தவில்லை. அண்ணன் காதில் விழட்டும் என்று ஆசை.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மதினி அழுதுகொண்டே போனில் கூப்பிட்டார். “கொழுந்தனாரே, டீக்கனக் கூட்டிட்டு வாங்க. அவன் கையால திருவிருந்து வாங்கணும்னு உங்க அண்ணன் கேக்காவ.”

சாமைச் சம்மதிக்க வைக்கப் பார்த்தேன். ஆரம்ப நாட்களில் நம் டீக்கன்கள் வளர்ந்த ஆண்கள்தான், வீடு வீடாகப் போய் விசுவாசிகளைக் கவனித்தார்கள், பிற்காலத்தில்தான் பையன்களிடம் வந்தது என்று வரலாறெல்லாம் பேசினேன். ஓர் அப்பத் துண்டுதானே, யாருக்குத் தெரியப்போகிறது?

“யப்பா, அந்தக் காலத்து டீக்கன்களும் ஆசீர்வதிக்கல. பெரியப்பாவ ஏமாத்தச் சொல்லுதீங்களா?” என்றான்.

அந்த ஞாயிறு ஆராதனையில் அவன் நீட்டிய தட்டிலிருந்து என்னால் எடுக்க முடியவில்லை. அப்படியே பக்கத்தில் இருந்தவருக்கு நகர்த்தினேன். சாம் என்னைப் பார்த்தான். ஆராதனை முடிந்ததும் முழங்காலில் விழுந்தேன். “பிதாவே, நான் உண்மையைச் சொல்லும் வரைக்குமாவது அண்ணனுக்கு மூச்சைக் கொடும்.”

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் மூச்சுக்காக மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

“ஏலே, தட்டு தூக்குத பயலையா நீ ஐயராக்கிட்ட?”

சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. இருமி இருமி, கட்டியிருந்த சளி அவ்வளவும் வெளியே வந்தது. நர்ஸ் ஓடிவந்து முதுகைத் தட்டிக்கொண்டே, “இதுக்குத்தாம்யா இத்தனை நாள் பாடுபட்டோம்” என்றார். அன்று முதல் அண்ணனுக்கு மூச்சு சீரானது. மருந்து வேலை செய்தது என்பார்கள். செய்திருக்கட்டும். நான் கேட்டதைவிட அதிகமாகப் பிதா கொடுத்தார்.

இப்போது அண்ணன் பேட்டையில் என் வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், என்னைக் கேலி செய்கிறார். நானும் சின்ன விஷயத்தைக்கூடப் பாதி சொல்லி நிறுத்துவதில்லை. ஆனால் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொன்னதை மதினி தன் வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அவமானம் நான் கொடுத்தது. அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

பிரியமானவர்களே, மறைத்து வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு ஜெபியுங்கள். தகுதியில்லாத எனக்கே அவர் செவிகொடுத்தார், உங்களைக் கைவிடமாட்டார். மதினி என்னை மன்னிக்க வேண்டும் என்று எனக்காக நீங்களும் கேளுங்கள்.