ஆமை புகாத வீடு

எங்க வீட்டுக் கிணத்துல ஒரு ஆமை இருந்துச்சு. கம்பம் ரோட்டோரத்துல இருந்த எங்க ஊர்ல இது ஒண்ணும் அதிசயமில்ல. ஆமை கிடந்தா தண்ணியில புழு தங்காதுன்னு பல கிணத்துல ஆமையை விட்டு வச்சிருந்தாக. எங்க தண்ணியும் அதுக்கேத்த மாதிரி அப்படி ஒரு தெளிவு. குனிஞ்சு பாத்தா அடியில எத்தனை செம்பு விழுந்து கிடக்குன்னு எண்ணிப்புடலாம்.

செம்பு மட்டுமா விழுந்துச்சு? கிணத்தைச் சுத்திக் கைப்பிடிச் சுவரே கிடையாது. தரையோட தரையா வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கும். கோழி விழுந்திருக்கு, கன்னுக்குட்டி விழுந்திருக்கு. ஆத்தா கூடப் பொறந்த தம்பி, என் தாய்மாமா, அவுக ரெண்டு தடவை விழுந்திருக்காக. ரெண்டாவது தடவை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டே பின்னால நடந்து விழுந்தாக. அதுக்கப்புறமாவது சுவரு கட்டணும்னு யாருக்காவது தோணுச்சா? இல்லை. "மாமா, பாத்து நடக்கக் கூடாதா"ன்னு அவுகளைத்தான் வஞ்சோம்.

ஆமை கிணத்துல இருக்கலாம், வீட்டுக்குள்ள மட்டும் வரக் கூடாது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாகள்ல? ஜப்தி பண்ண வர்ற கோர்ட்டு அமீனாவுக்கு நாங்க பயப்படல. கோர்ட்டு உத்தமபாளையத்துல இருந்துச்சு, எங்களுக்கும் அதுக்கும் ஒரு சோலியும் இல்லை. ஆமைதான் சிக்கல். எங்க கிணறு வீட்டுக்குப் பின்னால முத்தத்துல இருந்துச்சு. மூணு பக்கமும் அடுத்தவுக சுவரு. முத்தத்துல இருந்து தெருவுக்குப் போகணும்னா எங்க நடுவீட்டு வழியாத்தான் போகணும், வேற பாதை இல்லை.

அப்ப ஆமை எப்படி உள்ள வந்துச்சுன்னு கேக்கத் தோணுதுல்ல? ஊரே கேட்டுச்சு. வயல்ல வாய்க்கால் தண்ணியோட வந்த உள்ளங்கை அகலக் குட்டியை அய்யா பிடிச்சுக் குடத்துல போட்டுக் கொண்டாந்தாக. அன்னைக்கே ஆத்தா தீர்ப்புச் சொல்லிருச்சு.

"குடம்தான் வீட்டுக்குள்ள வந்துச்சு. ஆமை குடத்துக்குள்ள இருந்துச்சு. எங்க வீட்டுக்குள்ள ஆமை வரல."

எந்தக் கோர்ட்டு வக்கீலும் இப்படிப் பேசியிருக்க மாட்டான். ஆனா ஊர் வாயை உலைமூடி போட்டு மூட முடியுமா? ஆமை வளந்து சோத்துத் தட்டு அகலம் ஆச்சு. நானும் வளந்தேன். என்னைப் பொண்ணு கேட்டு வந்தாக ரெண்டு எடத்துல இருந்து. ரெண்டு பேரும் திரும்பிப் போற வழியில பக்கத்து வீட்டம்மா வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசியிருக்காக. அம்புட்டுதான், மறுபடி ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

மூணாவதா ஆண்டிபட்டியில இருந்து ஒரு எடம் வந்துச்சு. மாப்பிள்ளையை நான் முன்னாலயே ஒரு கல்யாணத்துல பாத்திருந்தேன். பந்தியில தண்ணி ஊத்திக்கிட்டு வந்தாக. என் எலையில தண்ணியைக் கொட்டிட்டு, காது செவக்க நின்னாக. எனக்குப் பிடிச்சுப் போச்சு. மறைப்பானேன்? இந்த எடமும் ஆமையால போச்சுன்னா அந்தக் கிணத்துல நானே குதிச்சிருப்பேன். சுவரு வேற இல்லை, ரொம்பச் சௌகரியம்.

மாப்பிள்ளையோட ஆத்தா புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என்னைப் பாக்க வாராகன்னு சேதி வந்துச்சு. எங்களுக்குத் தூரத்து உறவு.

அதே வாரம் சுகாதார இன்ஸ்பெக்டரும் வந்து சேந்தாரு. வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டம் கூடுறதுக்கு முன்னால ஊர்க் கிணறு அம்புட்டுக்கும் வெள்ளைப் பொடி போடணும்னு உத்தரவாம். தலையில தொப்பி, சைக்கிள்ல ஒரு டின்னு. எங்க கிணத்தை எட்டிப் பாத்தாரு. ஆமை மூக்கை நீட்டி அவரைப் பாத்துச்சு.

"ஆமை குளிக்கிற தண்ணியையா குடிக்கிறீக?"

"அது குளிக்கல, குடியிருக்கு"ன்னுச்சு ஆத்தா.

மனுசன் டின்னைக் கீழ வச்சுட்டு மூச்சு வாங்குனாரு. இந்தப் பொடி பட்டா ஆமை சாகும், செத்து அழுகுனா தண்ணி விசமாகும், அதனால புதன்கிழமை காலையில நான் வரும்போது ஆமை வெளிய இருக்கணும், ரெண்டு மாசத்துக்குள்ள கிணத்துக்குச் சுவரும் இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

"அடி ஆத்தி! புதன்கிழமையா?" ஆத்தா நெஞ்சுல கை வச்சிருச்சு. "சம்பந்தம் பேசி முடியட்டும். அடுத்த வாரம் மருந்து போட்டா கிணத்துத் தண்ணியை வெள்ளமா கொண்டு போயிரும்?"

அய்யா அதிகம் பேச மாட்டாக. அன்னைக்குப் பேசுனாக. "என் தங்கச்சி காலையில நல்லாத்தான் இருந்தா. பொழுது சாயுறதுக்குள்ள வாந்திபேதியில போயிட்டா. இதே கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சா. கல்யாணம் நின்னா இன்னொண்ணு வரும். மருந்து புதன்கிழமை விழுகும்."

எனக்கு அய்யா மேல அப்படி ஒரு கோவம். செத்துப் போனவுகளுக்காக என் கல்யாணத்தைக் கெடுக்குறாகன்னு உள்ள போய் அழுதேன். அந்தப் புத்திக்கு இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

சரி, ஆமையை எப்படி வெளிய கொண்டு போறது? சுவத்துக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் இறக்கலாம்னு மாமா யோசனை சொன்னாக. ஆத்தா சுவரோரமா நின்னு பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுச்சு. அந்தம்மா எகிறிருச்சு.

"எங்க வீட்டுக்குள்ள ஆமையை விட்டு எங்க குடியைக் கெடுக்கப் பாக்குறீகளா?"

"வீட்டுக்குள்ள எதுக்கு? உங்க முத்தத்துலதான விடப் போறோம்."

"முத்தத்துல இருந்து தெருவுக்கு எப்படிப் போகும்? பறந்தா?"

ஆத்தா சுவரை விட்டுத் திரும்பி வந்துச்சு. வந்த மாதிரியே பாத்திரத்துல போகட்டும்னு முடிவாச்சு. தரையில கால் படாம நடுவீட்டைத் தாண்டிட்டா, ஆமை வீட்டுக்குள்ள வந்ததா ஆகாது.

புதன்கிழமை காலையில இன்ஸ்பெக்டரைக் காணோம். மருந்து போட்டா ஒரு நாளைக்குத் தண்ணி எடுக்கக் கூடாதேன்னு ஆத்தா அண்டா, குடம், தவலை, மாட்டுத்தொட்டி வரைக்கும் இறைச்சு ரொப்பி வச்சிருச்சு. மத்தியானம் ஆச்சு, ஆளைக் காணோம். நான் சேலை கட்டி, பூ வச்சு, சாமியைக் கும்பிட்டு உக்காந்திருந்தேன். மூணரை மணிக்கு சைக்கிள் மணி கேட்டுச்சு.

"எங்க ஆமை வெளிய?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு.

மாமா கயித்தைப் பிடிச்சுக் கிணத்துல இறங்குனாக. ரெண்டு தடவை விழுந்த அனுபவம் இருந்துச்சுல்ல, உள்ள எல்லாம் அவுகளுக்கு அத்துபடி. மேல இருந்து ஒரு பாத்திரம் விடுங்கன்னு கத்துனாக. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, வீட்டுல ஒரு பாத்திரம் காலி இல்லை. எல்லாத்துலயும் தண்ணி. அய்யா அவசரத்துல சாணி அள்ளுற கடகப்பெட்டியைக் கயித்துல கட்டி இறக்குனாக.

"குடிக்கிற கிணத்துல சாணிப்பெட்டியையா விடுறீக!" இன்ஸ்பெக்டருக்குத் தொப்பியே கழண்டு போச்சு.

"மருந்துதான போடப் போறீக, சேத்துப் போடுங்க"ன்னு உள்ளயிருந்து மாமா குரல் வந்துச்சு.

ஆமை பெட்டியில மேல வந்துச்சு. மாமா ஏறி வந்து, சொட்டச் சொட்ட பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நடுவீட்டுக்குள்ள நுழைஞ்சாக. "தரையில படாம, தரையில படாம"ன்னு ஆத்தா பின்னாலயே ஓடுச்சு. அதே நேரம் வாசல்ல மாட்டுவண்டி வந்து நின்னுச்சு. மாப்பிள்ளையோட ஆத்தாவும், கூட வந்த ஒரு பெரியவரும் வாசப்படியில செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தாக.

பழைய பெட்டி, தண்ணியில நல்லா ஊறிப் போச்சு. நடுவீட்டுக்கு நட்ட நடுவுல அடி பிஞ்சு ஆமை 'பொத்'துன்னு விழுந்துச்சு.

ஆத்தா பேயறைஞ்ச மாதிரி நின்னுச்சு. மாமா அடியில்லாத பெட்டியைத் தலைக்கு மேல பிடிச்சபடியே நின்னாக. ஆமை நாலு காலையும் நீட்டி, கழுத்தை வெளிய விட்டு, வீட்டை ஒரு சுத்துச் சுத்திப் பாத்துச்சு. இத்தனை வருசமா கிணத்துக்குள்ளயே கிடந்ததுல்ல, அதுக்கும் ஆசை இருக்கும்.

பெரியவரு ஒத்தைக் கால் செருப்போட, "ஆமை புகுந்த வீடு..."ன்னு ஆரம்பிச்சாரு.

என் கல்யாணம் என் கண்ணு முன்னாலயே போகுது. பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு வாயைத் தொறக்கக் கூடாது. நான் தொறந்தேன்.

"புகல அத்தை! அது வெளிய போகுது!"

எல்லாரும் என்னைப் பாத்தாக. இனி நிறுத்தி என்ன ஆகப் போகுது? "நல்லாப் பாருங்க, தலை வாசப் பக்கம்தான இருக்கு? புகுந்த வீடுதான உருப்படாது? ஆமை வெளியேறுன வீட்டுக்கு என்ன வந்துச்சு?"

அந்த ஆமை நல்லா இருக்கணும். வெளிச்சத்தைப் பாத்து நேரா வாசலுக்கு நடந்துச்சு. பெரியவரு துள்ளிக் குதிச்சு வழி விட்டாரு. மாப்பிள்ளையோட ஆத்தா அது படியில உருண்டு தெருவுல இறங்குற வரைக்கும் பாத்துட்டு, "குடிக்கத் தண்ணி குடுங்க"ன்னாக.

"நிச்சயம் ஆகல, அதுக்குள்ள அத்தையாம்"னு என் தொடையில கிள்ளிட்டு ஆத்தா செம்புல கொண்டாந்து குடுத்துச்சு. அவுக குடிச்சாக. செம்பைத் திருப்பிக் குடுக்காம இன்னொரு செம்பு கேட்டாக. ஆண்டிபட்டிப் பக்கம் அவுக வீட்டுத் தண்ணி உப்புக் கரிக்கும், அது எங்களுக்கும் தெரியும்.

"இந்தத் தண்ணியிலயா அது கிடந்துச்சு?"

கிணத்துல மருந்து விழுந்ததைப் பாத்துட்டு அய்யா ஈரக் கையோட வந்து எல்லாத்தையும் சொன்னாக. மருந்து, தங்கச்சி, ஆமை, ஒண்ணையும் மறைக்கல. எனக்கு அய்யா வாயைப் பொத்தணும் போல இருந்துச்சு.

அவுக கேட்டுட்டுப் பெரியவரு பக்கம் திரும்புனாக. "நம்ம கிணத்துல புழுவாத் துள்ளுது. வடிகட்டி வடிகட்டி என் முந்தானையே நைஞ்சு போச்சு. அதை ஒரு ஈரச்சாக்குல சுத்தி வண்டியில வைக்கச் சொல்லுங்க."

"ஆமையையா? நம்ம வீட்டுக்கா?"

"நம்ம கிணறு வீட்டுக்கு வெளியதான இருக்கு, அண்ணே."

அப்புறம் ஆத்தாகிட்ட, "ஆமையை இப்பக் கூட்டிட்டுப் போறேன். பொண்ணை ஆவணியில அனுப்புங்க"ன்னாக.

ஆவணியில போனேன். அதுக்குள்ள அய்யா கிணத்துக்குச் சுவரு கட்டிட்டாக. கல்யாணத்தன்னைக்கு மாமா அதுல சாஞ்சு நின்னு எல்லாருக்கும் காட்டுனாக.

மாமியா வீட்டுல விளக்கேத்தி, பால் குடிச்சு, எல்லாச் சடங்கும் முடிஞ்சதும் யாருக்கும் தெரியாம கிணத்தடிக்குப் போய்க் குனிஞ்சு பாத்தேன். தண்ணிக்கு மேல அந்த மூக்கு தெரிஞ்சுச்சு. அதைப் பாத்ததும் அய்யாவையும் ஆத்தாவையும் நினைச்சுப் பொத்துக்கிட்டு வந்துச்சு அழுகை. பின்னால யாரோ வந்தாக. அத்தைதான்.

"அழாத. அதுவும் வந்த மூணு நாளும் ஒண்ணும் திங்கல. அடியிலயே கிடந்துச்சு. நாலாம் நாள் மேல வந்து சரியாப் போச்சு"ன்னாக.

நான் ரெண்டாம் நாளே சாப்பிட்டேன்.