ஒரு மாசம் பொறுங்க

போன சனிக்கிழமை மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் சேவியரைப் பார்த்தேன். பார்த்ததும் கேட்டேன் — "என்ன சார், அந்தப் புது வெர்ஷன் வந்துடுச்சே, வாங்கிட்டீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது.

சேவியர் பேங்க் ஊழியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தோம் பக்கம் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் அங்கேயே கொயரில் பாடுவார். நான் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவன் அல்லவா? ஆறு மாதம் முன்பு என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார் சேவியர்.

"வீட்லயே பாட்டு ரெக்கார்ட் பண்ணணும் சார். ஒரே ஆள் நாலு குரல்லயும் தனித்தனியாப் பாடி, கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேர்க்கணும். எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

இப்படி யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஒரு மணி நேரம் பேசினேன். இது சுலபம், ஆனால் நாலு குரல் சேர்ந்தாலே திணறும்... அது உசத்தி, ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் தாங்காது... கடைசியில் தீர்ப்பு — "ஒரு மாசம் பொறுங்க. புது வெர்ஷன் வருது. இப்ப வாங்கறது வேஸ்ட்."

"அதுவரைக்கும் கேசட்ல எடுத்து வைக்கட்டுமா?"

"கேசட்டா? உஸ்ஸுன்னு இரைச்சல் வரும் சார்!"

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார். பாடப்போவது யார், என்ன அவசரம் — நான் கேட்கவே இல்லை. ஆலோசனை சொல்வதில் இருக்கிற ருசி நமக்கு விசாரிப்பதில் எங்கே இருக்கிறது?

பஸ் ஸ்டாண்டில் அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

"ஸ்டெல்லாவுக்குத் தொண்டையில கட்டி சார். ஆபரேஷன் பண்ணா குரல் போயிடும்னு அப்பவே சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு. அதுக்குள்ள புதுசு வந்துடும், நல்லாவே எடுத்துடலாம்னு நெனச்சேன். கட்டி வேகமா வளருதுன்னு மூணாவது வாரமே சேர்த்துட்டாங்க."

"ஒரு பாட்டு கூட...?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற அன்னிக்குக் காலைல டேப் ரெக்கார்டரை முன்னாடி வச்சுப் பாடச் சொன்னேன். அவளுக்கு அழுகைதான் வந்துச்சு. கொயர் கேசட் ஒண்ணு இருக்கு. நாப்பது பேர் பாடறாங்க. அதுல அவ குரல் எதுன்னு எனக்குத் தெரியும்."

என் வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை — "மன்னிச்சிடுங்க."

"ஐயோ, உங்க மேல என்ன சார் தப்பு? நான்தான் விஷயத்தைச் சொல்லல. வெளியில சொன்னா நெஜமாயிடுமோன்னு ஒரு பயம்."

பக்கத்தில்தான் வீடு, ராஜா அண்ணாமலைபுரம். விடாமல் கூட்டிக்கொண்டு போனார்.

டீச்சர்தான் கதவைத் திறந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணி. முகம் நிறையச் சிரிப்பு. கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் உறை போட்டு மூடிக் கிடந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் ஒரு நோட்டை எடுத்தார். குண்டு குண்டான, அழகான கையெழுத்தில் எழுதி என்னிடம் நீட்டினார் — 'காபியா, டீயா?'

பேச முடிந்தவன் நான்தான். 'காபி' என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.